வெளிய மைனஸ் 36, உள்ள இன்ஜின் ஓவர்ஹீட்: ஒரு விண்ணிபெக் கேஸ்

மைனஸ் 36 டிகிரில ஒரு கார் சூடு தாங்காம நடுரோட்டுல நிக்கும்னு யாராச்சும் சொல்லிருந்தா சிரிச்சிருப்பேன். எனக்கே நடந்தப்புறம்தான் நம்புனேன். ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன், ஏன்னா வண்டி நின்னது ஜனவரில, ஆனா காரணம் ஜூலைல, அதுவும் ஆயிரத்து சொச்சம் கிலோமீட்டர் தள்ளி. நடுவுல ரெண்டு தடவ இத கண்டுபிடிக்க வாய்ப்பு கெடச்சும் கோட்டை விட்டோம். நானும் விட்டேன், காசு வாங்கிட்டு வேல பாத்த கடையும் விட்டுச்சு.

வண்டி வந்த கதை

2018 ஜூலைல வேலை விஷயமா கனடாவுக்குள்ளயே டொரன்டோவுலேர்ந்து விண்ணிபெக் மாறுனேன். ஸ்கார்பரோல இருந்த சித்தப்பா பையன் அவனோட 2011 மாடல் காரை எனக்குக் குடுத்தான், நாலு சிலிண்டர், 1.8 லிட்டர், பாக்க நல்லா இருந்துச்சு, கம்பெனி பேர் வேணாம், தப்பு வண்டி மேல இல்ல. ரெண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டே வந்துரலாம்னு முடிவு. சட்பரி, சூ செயின்ட் மேரி, அப்புறம் சுப்பீரியர் ஏரிய ஒட்டியே ரோடு போகும், கடல் மாதிரி இருக்கும், அத பாக்கறதுக்காகவே ஓட்டலாம்.

வாவாங்கற சின்ன ஊர், பெரிய வாத்து சிலை வெச்சிருப்பாங்களே அந்த ஊர்தான், அத தாண்டி ஒரு மேட்டுல ஏறும்போது டெம்பரேச்சர் ஊசி மேல போச்சு. ஓரங்கட்டி பானெட்ட தூக்கினா ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸ் கிளாம்ப் லூஸாகி கூலன்ட், அதான் இன்ஜின் சூட்ட எடுத்துட்டுப் போற திரவம், ஒழுகிட்டு இருக்கு. ஆறவிட்டு, ஸ்க்ரூடிரைவரால கிளாம்ப டைட் பண்ணி, வண்டில இருந்த ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில்ல முக்காவாசிய ஊத்துனேன். ஊசி எறங்கிருச்சு. நம்ம ஊர்ல அம்பாசடர்ல ரேடியேட்டருக்கு தண்ணி ஊத்தி வளர்ந்த கை, வேற என்ன தோணும்? மிச்ச கால் பாட்டிலோட அத டிக்கில தூக்கிப் போட்டுட்டு மறந்துட்டேன். இந்த பாட்டில ஞாபகம் வெச்சுக்கங்க.

நவம்பர், முதல் கோட்டை

விண்ணிபெக் வந்து எறங்குனதும் முதல்ல கவனிச்சது, இங்க எல்லா வண்டியோட மூஞ்சிலயும் ஒரு கரன்ட் வயர் தொங்கும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. பிளாக் ஹீட்டர். இன்ஜினுக்குள்ள ஒரு 400 வாட்ஸ் சுருளு, ராத்திரி பிளக்ல மாட்டி விட்டா இன்ஜின் பிளாக்கும் அதுக்குள்ள இருக்கற கூலன்ட்டும் வெதுவெதுன்னு இருக்கும், காலைல ஸ்டார்ட் ஆகும். இங்கேர்ந்து தெக்க ரெண்டரை மணி நேரம் ஓட்டுனா அமெரிக்காவுல கிராண்ட் ஃபோர்க்ஸ், நார்த் டகோட்டா. அந்த ஊர்க்காரர் ஆண்ட்ரூ ஃப்ரீமன்தான் இதுக்கு 1949ல பேடன்ட் வாங்குனவர். இன்ஜின் ஹெட்ல ஒரு போல்ட்ட கழட்டிட்டு அதுக்கு பதிலா சூடாகற போல்ட்ட மாட்டுற டிசைன் அவரோடது. இப்ப வர்றது பெரும்பாலும் இன்ஜின் பிளாக்ல ஃப்ராஸ்ட் பிளக்குங்கற வட்டத் தகடு இருக்கற ஓட்டைல உக்காருது.

டொரன்டோ வண்டிங்கறதால என்னுதுல ஹீட்டர் இல்ல. நவம்பர்ல ஒரு கடைல போடச் சொன்னேன். இங்கதான் விஷயம். ஃப்ராஸ்ட் பிளக் எடுக்கணும்னா கூலன்ட்ட வடிக்கணும், போட்டப்புறம் திரும்ப ஊத்தணும். வடிச்சத அப்படியே ஊத்திட்டாங்க. பில்லுல "கூலன்ட், பழையது திரும்ப ஊத்தியது"ன்னு ஒரு வரி இருந்துச்சு, காசு மிச்சம்னு எனக்கு சந்தோஷம் வேற. கைல பக்கெட் நெறய கூலன்ட் இருக்கு, எத்தன டிகிரில ஒறையும்னு காட்டற டெஸ்டர்ல ரெண்டு சொட்டு விட்டுப் பாக்க அரை நிமிஷம் ஆகாது. பாக்கல. விண்ணிபெக் இருக்கற மேனிடோபா மாகாணத்துல நவம்பர்ல, டொரன்டோ இருக்கற ஒன்டாரியோ நம்பர் பிளேட்டோட ஒரு வண்டி வருது, ஹீட்டரே இல்லாத வண்டி, அப்ப கூட சந்தேகம் வரலன்னா அது எனக்கு இன்னும் கடுப்புதான்.

டிசம்பர், ரெண்டாவது கோட்டை

டிசம்பர் முதல் வாரம் மைனஸ் 27ல ஒரு நாள் காலைல டிக் டிக் டிக்னு மட்டும் சத்தம். பேட்டரி. இது எல்லாருக்கும் நடக்கறதுதான், சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடறேன். குளிர்ல பேட்டரிக்குள்ள ரசாயன வேலை மந்தமாகும், அதே நேரம் ஆயில் கெட்டியாகி இன்ஜின சுத்த அதிக பலம் கேக்கும், ரெண்டும் ஒண்ணா சேந்து அடிக்கும். பேட்டரி மேல சிசிஏன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அது மைனஸ் 18ல 30 செகண்டுக்கு எவ்ளோ ஆம்ப்ஸ் தர முடியும்ங்கற கணக்கு. என்னுது டெஸ்ட் பண்ணப்ப லேபிள்ல இருந்ததுல பாதிகிட்டதான் காட்டுச்சு. புதுசு மாத்தியாச்சு, ஆயிலயும் குளிர்லயும் இளகி ஓடற 0டபிள்யூ-20க்கு மாத்தியாச்சு, மனசு நிம்மதி.

அந்த நிம்மதிதான் கெடுத்துச்சு. ஏன்னா அதே வாரத்துலேர்ந்து வேற ஒரு சத்தம் வந்துட்டு இருந்துச்சு. ஆபீஸ் பார்க்கிங்ல பிளக் கெடயாது, ஒம்போது மணி நேரம் வெளிய நிக்கும். சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணா பெல்ட் கீச்சுனு கத்தும், முப்பது செகண்ட், அப்புறம் நின்னுரும். காலைல வீட்லேர்ந்து எடுக்கும்போது சத்தமே இருக்காது. கூட வேல பாக்கறவங்க "குளிருக்கு எல்லா பெல்ட்டும் கத்தும்"னாங்க, நானும் சரின்னுட்டேன். ஏன் சாயங்காலம் மட்டும்னு ஒரு தடவயாச்சும் யோசிச்சிருந்தா அங்கயே பிடிச்சிருக்கலாம். காலைல ஹீட்டர் போட்ட வண்டி, சாயங்காலம் போடாத வண்டி. பெல்ட் சுத்துறதுல ஒண்ணு வாட்டர் பம்ப், கூலன்ட்ட சுத்த விடறது அதுதான். பம்ப் சுத்த கஷ்டப்படுது, பெல்ட் வழுக்குது, அதான் கீச்சு. பம்புக்குள்ள இருந்தது தண்ணியா ஓடல, ஐஸ் கூழா இருந்துச்சு.

டிசம்பர் 20 ஊருக்குக் கெளம்பிட்டேன். வண்டிய ஃப்ரெண்டோட சூடு போட்ட கராஜ்ல விட்டுட்டு, பொங்கல் எல்லாம் முடிச்சு, திருநெல்வேலில பனியன் லுங்கியோட ஒரு மாசம். ஜனவரி கடைசில திரும்பி வந்தா போலார் வோர்டெக்ஸ், அதான் வடதுருவத்துக் கடுங்குளிர் காத்து, எறங்கிருக்கு, சிகாகோவே ஒறஞ்சு போச்சுன்னு நியூஸ் ஓடிட்டு இருந்த வாரம் அது, 2019.

அன்னிக்கு காலைல

நாலு மணிக்கு டைமர் ஆன் ஆகற மாதிரி வெச்சு பிளக் போட்டிருந்தேன். ஏழு மணிக்கு வண்டி மொத சாவிலயே ஸ்டார்ட். டேஷ்போர்டுல மைனஸ் 36. டயர் ராத்திரி நின்ன இடத்துல தட்டையா ஒறஞ்சிருக்கும், மொத ரெண்டு தெரு கட்ட வண்டி மாதிரி டொக்கு டொக்குனு போகும், இதெல்லாம் பழகிருச்சு. ஃபோர்ட் கேரிலேர்ந்து பெம்பினா ஹைவேல டவுன்டவுன் பக்கமா போறேன்.

பத்து நிமிஷம் ஆச்சு, வண்டிக்குள்ள வர்ற கேபின் ஹீட்டர்ல காத்து ஜில்லுனு வருது. சரி, குளிர் ஜாஸ்தி, லேட்டாகும்னு நெனச்சேன். ஊசிய பாத்தா பாதிக்கு மேல போயிட்டு இருக்கு. பாத்துட்டு இருக்கும்போதே முக்கால். உள்ள காத்து ஐஸு, ஊசி கொதிக்குது. மூளை ஏத்துக்கல, மீட்டர் கெட்டுப் போச்சுன்னுதான் தோணுச்சு. இந்தக் குளிர்ல எப்புடிய்யா ஓவர்ஹீட் ஆகும்?

இந்த ரெண்டும் ஒண்ணா வந்தா அர்த்தம் ஒண்ணுதான்: கூலன்ட் சுத்தல. கேபின் ஹீட்டருக்குன்னு தனி அடுப்பு எதுவும் கெடயாது, இன்ஜின் சூட்ட கூலன்ட் தூக்கிட்டு வந்து டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கற குட்டி ரேடியேட்டருக்குக் குடுக்கணும். தூக்கிட்டு வர ஆள் இல்லன்னா சூடு இன்ஜின்லயே தங்கும், உங்களுக்கு ஜில் காத்து. எனக்கு இது அன்னிக்குத் தெரியாது. ஆனா ஊசி செவப்பத் தொடறதுக்கு முன்னாடி ஒரு டிம் ஹார்ட்டன்ஸ் காபிக்கடை பார்க்கிங்ல திருப்பி ஆஃப் பண்ணிட்டேன், அந்த ஒரு காரியம் உருப்படியா பண்ணேன்.

பானெட்ட தெறந்தேன், லாட்ச் ஒறஞ்சு ரெண்டு குத்து குத்துனப்புறம்தான் தெறந்துச்சு. மேல் ஹோஸ் உப்பி, க்ளவுஸ் வழியாவே சுட்டுச்சு. கீழ் ஹோஸ் கல்லு. ரெண்டு கையாலயும் அழுத்தி பாத்தா உள்ள நெறநெறன்னு ஒடயுது, ஐஸ் கோலாவ பல்லுல கடிச்ச மாதிரி. ஒரே ரேடியேட்டர், ஒரு மொழத்துக்குள்ள ஒரு பக்கம் கொதிக்கற ஹோஸ், இன்னொரு பக்கம் பனிக்கட்டி.

கடைக்குள்ள போய் சுடுதண்ணி கேக்கலாம்னு கெளம்பிட்டேன். நல்ல வேளை, அதுக்கு முன்னாடி பக்கத்து அபார்ட்மென்ட் அண்ணனுக்கு போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், இருவது வருஷத்துக்கு மேல இந்த ப்ரெய்ரில லாரி ஓட்டுறவர். கதைய சொன்னதும் அவர் கேட்ட மொத கேள்வி: "தம்பி, எப்பவாவது இதுக்குள்ள தண்ணி விட்டனீரோ?"

"இல்லண்ணே."

"சரி. சுடுதண்ணி ஒண்டும் ஊத்தாதையும். மூடியைத் திறக்காதையும். திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். உள்ள போய் கோப்பியைக் குடியும், நான் வாறன்."

அந்த "இல்லண்ணே" பொய் இல்ல, சத்தியமா மறந்துட்டேன். வாவா ஆறு மாசம் பழைய கதை.

ஏன் சுடுதண்ணி கூடாதுன்னா, ஒறஞ்ச பிளாஸ்டிக் டேங்க்ல கொதிக்கற தண்ணி பட்டா வெடிக்கும், வெடிக்கலன்னாலும் இருக்கற கூலன்ட்ட இன்னும் நீர்த்துப் போக வைக்கும், பத்து நிமிஷத்துல அதுவும் ஒறயும். டோ டிரக்குக்கு மூணு மணி நேரம் காத்திருந்தோம், அன்னிக்கு ஊர்ல பாதி வண்டி கூப்புட்டுட்டு இருந்துச்சு.

ஷெட்டுல

அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒரு லாரி ஷெட், உள்ள ஹீட்டிங் இருக்கு. வண்டிய உள்ள தள்ளி, கீழ ட்ரே வெச்சு, ராத்திரி பூரா தொடாம விட்டோம். இதுதான் வைத்தியம், தானா உருகணும். அவர் எதுக்கு ட்ரே வெச்சார்னா, ஐஸ் விரியும்போது எங்கயாச்சும் ஒடச்சிருந்தா உருகுனப்புறம்தான் ஒழுகும். ஃப்ராஸ்ட் பிளக்குனு பேர் இருக்கறதால அது இன்ஜின காப்பாத்தத்தான் வெச்சிருக்காங்கன்னு நெறய பேர் நெனைக்கறாங்க. நெசத்துல அது பிளாக்க வார்க்கும்போது உள்ள இருந்த மணல வெளிய எடுக்க விட்ட ஓட்டைங்க, அத மூடற தகடு. ஒறயும்போது சில சமயம் அது பிதுங்கி வெளிய வந்து பிளாக் தப்பிக்கும், சில சமயம் பிளாக்கே வெடிக்கும். லக்குதான்.

காலைல ட்ரேல ஒரு சின்ன பச்சை குட்டை. பிளாக் பக்கம் இல்ல, ரேடியேட்டர் ஓரத்துல பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோட சேர்ற தையல்லேர்ந்து. அத்தோட போச்சு. ஆயில் குச்சிய எடுத்துப் பாத்தோம், பால் கலர் இல்ல, கூலன்ட் ஆயில்ல கலக்கல, ஹெட் கேஸ்கட் தப்பிச்சிருச்சு. பிரஷர் டெஸ்ட்டும் பண்ணாங்க, பிளாக் பிடிச்சு நின்னுச்சு.

அப்புறம் ரெஃப்ராக்டோமீட்டர். பேனா சைஸ் குழாய், கண்ணாடி மேல ஒரு சொட்டு கூலன்ட் விட்டு வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு உள்ள பாக்கணும், நீலமும் வெள்ளையும் சந்திக்கற கோடு எந்த நம்பர்ல நிக்குதோ அதுதான் ஒறையற புள்ளி. அண்ணன் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம என் கைல குடுத்தார். கோடு மைனஸ் 18ல நின்னுச்சு.

"டொரண்டோவுக்கே இது காணாது தம்பி," அவ்ளோதான் சொன்னார்.

அதுக்கப்புறம் டிக்கிய தெறந்து ஸ்டெப்னிக்கு மேல கெடந்த சாமான ஒதுக்கும்போது ஒரு பாட்டில் உருண்டு வந்துச்சு. அடில கால்வாசி தண்ணி. "இது என்ன போத்தல்?"னு அவர் கேக்கும்போதே எனக்கு வாவா வாத்து கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

கணக்கு

கூலன்ட்ங்கறது பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி தண்ணி. 50க்கு 50 கலந்தா மைனஸ் 37 வரைக்கும் ஒறயாது. கிளைக்கால் 60 பங்கு வெச்சா மைனஸ் 50 தாண்டும். அப்ப முழுசா கிளைக்காலே ஊத்திட்டா? இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க, சுத்த கிளைக்கால் மைனஸ் 13லயே ஒறஞ்சிரும், சூட்டயும் சரியா கடத்தாது. தண்ணியும் அதுவும் சேந்தாதான் ஒண்ண ஒண்ணு ஒறய விடாம தடுக்கும்.

என் வண்டில மொத்தம் 6 லிட்டர், அதாவது 3 லிட்டர் கிளைக்கால் இருக்கணும். வாவால ஒழுகிப் போனது ஒன்றரை லிட்டர், அதுல முக்கால் லிட்டர் கிளைக்கால் போச்சு, பதிலுக்கு ஒன்றரை லிட்டர் பச்சத் தண்ணி. மிச்சம் 2.25, அதாவது 37 சதவீத சொச்சம். அதுக்கு ஒறயற புள்ளி மைனஸ் 22, 23 கிட்ட வரணும். ஆனா நாங்க அளந்தது மைனஸ் 18. அதுக்கு 33 சதவீதத்துக்கு எறங்கிருக்கணும். இடிச்சுது. அண்ணன் "அவ்வளவு நுணுக்கமாப் பாக்காதையும்"னுட்டார். எனக்கு மனசு ஆறல, ஆனா வேற வழியில்லாம விட்டுட்டேன்.

மைனஸ் 18ங்கறதுக்காக அந்த டிகிரில டக்குனு கல்லாகிறாது. அங்க ஐஸ் துகள் வர ஆரம்பிக்கும், குளிர் எறங்க எறங்க கூழாகி கெட்டியாகும். டிசம்பர் மைனஸ் 24, 25ல மெல்லிசு கூழு, பம்ப் கத்திக்கிட்டே ஒடச்சு ஓட்டிருச்சு. மைனஸ் 36ல முடியல.

இதுல பிளாக் ஹீட்டரோட பங்குதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்துச்சு. அது இல்லாம இருந்திருந்தா அன்னிக்கு வண்டி ஸ்டார்ட்டே ஆகாம அடம்பிடிச்சிருக்கும், இல்ல பெல்ட் அலறிருக்கும், நானும் ரோட்டுக்குப் போயிருக்க மாட்டேன். ஹீட்டர் இன்ஜினுக்குள்ள இருந்தத மட்டும் உருக்கி வெச்சுது. மூக்குல இருக்கற ரேடியேட்டருக்கும், டேஷ்போர்டு பின்னாடி இருக்கற ஹீட்டர் கோருக்கும் அந்த சூடு போய்ச் சேரல. ஓடிட்டு இருக்கும்போது எதிர்க்காத்து வேற நேரா ரேடியேட்டர்லதான் அடிக்குது. விண்ட் சில், அதான் காத்தடிச்சா கூடுதலா தெரியற குளிர், மனுஷ தோலுக்குத்தான், நின்ன வண்டிய காத்து மைனஸ் 36க்குக் கீழ கொண்டு போகாதுங்கறது சரி, ஆனா இருக்கற சூட்ட வேகமா உருவிட்டுப் போயிரும். கூலன்ட்ட ரேடியேட்டருக்கு விடற வால்வு, தெர்மோஸ்டாட், 80 சொச்சம் டிகிரில கதவத் தெறந்துச்சு, அந்தப் பக்கம் வழி அடச்சிருந்துச்சு. லாரிக்காரங்க க்ரில் முன்னாடி துணி உறை மாட்டறது ஏன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அப்புறம்

ரேடியேட்டர், ஹோஸ், கிளாம்ப், சிஸ்டம் முழுக்க ஃபிளஷ், 60க்கு 40 கலவை, கூலி எல்லாம் சேத்து 640 டாலர். வாட்டர் பம்ப மாத்தலாமான்னு யோசிச்சோம், சத்தம் இல்ல, ஒழுகல, விட்டுட்டோம். அந்த ஹீட்டர் போட்ட கடைல பில்லக் காட்டி கேட்டேன், "டெஸ்ட் பண்ணச் சொல்லி நீங்க கேக்கலயே"ன்னாங்க. அதோட அந்தப் பக்கம் போறதில்ல.

சும்மா எட்டு டாலருக்கு பிளாஸ்டிக் டெஸ்டர் கெடைக்கும், இங்க் ஃபில்லர் மாதிரி உறிஞ்சி பாக்கறது, துல்லியம் கம்மிதான் ஆனா மைனஸ் 18க்கும் மைனஸ் 40க்கும் வித்தியாசம் காட்டிரும். வருஷா வருஷம் அக்டோபர்ல வின்டர் டயர் மாத்தற அன்னிக்கே பாத்துருவேன். புதுசா டொரன்டோவுலேர்ந்தோ வான்கூவர்லேர்ந்தோ வண்டியோட வர்றவங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டு கேள்வி: சாயங்காலம் பெல்ட் கத்துதா, ரேடியேட்டர்ல எப்பவாச்சும் தண்ணி ஊத்துனீங்களா. ரெண்டாவதுக்கு எல்லாரும் "இல்ல"ன்னுதான் சொல்லுவாங்க, நானும் சொன்னேனே.

அந்த மைனஸ் 22க்கும் 18க்கும் நடுவுல இருந்த இடி மட்டும் தீரல. அடுத்த டிசம்பர்ல சித்தப்பா பையன் லீவுக்கு இங்க வந்தான், இந்தக் கதைய சொல்லிட்டு இருந்தேன், விழுந்து விழுந்து சிரிச்சவன் வாவா கட்டம் வந்ததும் அமைதியாயிட்டான்.

"டேய், நீயும் ஊத்துனியா?"

"ஒரு தடவதான்டா. அதுக்கு முந்துன வெயில் காலத்துல, ரிசர்வாயர்ல மார்க்குக்குக் கீழ இருந்துச்சு."

"எவ்ளோ?"

"ஒரு சொம்புதான்டா."

அவங்க வீட்டு சொம்பு எனக்குத் தெரியும். அரை லிட்டர் புடிக்கும். கணக்கு போட்டேன், 34 சதவீதம் வந்துச்சு.